எதிர்புளோக் வைஃபை

புது வீட்டில் மர்யமுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிரே இருக்கும் அடுக்குமாடி, எதிர்புளோக், தெரியும். எதிர்புளோக்கில் அவள் ஓரகத்தி அஃப்ரீனின் வீடு தெரியும். அந்த வீட்டு ஜன்னலோர மேசையில், விளக்கு வெளிச்சத்தில், மர்யமின் மகள் அனம் தலை குனிந்து எழுதிக்கொண்டிருப்பதும் தெரியும். பக்கத்தில், அனம் சாச்சி என்று கூப்பிடும் அஃப்ரீன் இருப்பாள். சில நாள் அஃப்ரீனின் கை அனமின் தலைமுடியில் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மர்யமுக்கு வயிறு பற்றி எரியும். பார்க்காமல் இருக்கலாமே என்றால் அதுவும் முடியாது. பாத்திரம் கழுவும் தொட்டி அந்த ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது.

மற்றபடி வீட்டைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் வாடகைக்கு ஒண்டியிருந்த காலத்தில் அடுப்படியில் ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது. இந்தச் சுங்கை ராவா வீட்டில் அடுப்படியிலேயே பாய் விரித்துப் படுக்கலாம். பேட்டை புத்தம் புதியது. மரங்கள் எல்லாம் கம்பு கட்டி நிறுத்திய கன்றுகள். கீழே காப்பிக்கடை வரப்போகிறது என்று பலகை மட்டும் வந்திருந்தது. மின்தூக்கிக்குள் அடித்திருந்த ஒட்டுப்பலகையை இன்னும் கழற்றவில்லை, ஏனென்றால் தினமும் யாராவது தரை ஓடும் சிமெண்டு மூட்டையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆண்டுக் கடைசி மழை வேறு. லாரிச் சக்கரங்கள் இழுத்துவந்த செம்மண் பேருந்து நிறுத்தம் வரைக்கும் ஒழுகிக் கிடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் காலணியை ஒரு பையில் போட்டுக்கொண்டு சிலிப்பரோடு எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் போய் அங்கே மாற்றிக்கொண்டார்கள். மர்யமும் அப்படித்தான் தேக்கா மார்க்கெட்டில் தையல் வேலைக்குப் போய்வந்தாள்.

மர்யமின் புருஷன் நெய்னா முகம்மதும் அவன் தம்பி, அஃப்ரீனின் புருஷன் நூர்தீனும் ஆசை ஆசையாகச் சேர்ந்து விண்ணப்பித்து எதிரெதிர் புளோக்கில் வீடு எடுத்தவர்கள். நெய்னா ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்தான். நூர்தீனுக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. அண்ணன் தம்பிக்கு இடையில் ஒரு சண்டை கிடையாது. மனைவிமாருக்கு இடையிலும் வெளியே தெரிகிற சண்டை கிடையாது. ஆனால் அஃப்ரீன் சென்னையிலிருந்து கல்யாணமாகி வந்திறங்கிய அன்றே மர்யமுக்கு உள்ளே ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. அஃப்ரீன் பட்டம் படித்தவள். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பாதிக்கிறவள். செருப்பில் செம்மண் படாதவள். அவள் ஒரு தலையணை உறை மாற்றினால்கூட மர்யம் தன் வீட்டுத் தலையணையை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள்.

அஃப்ரீனிடம் இல்லாததும் ஒன்று இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மர்யம் ஒரு வார்த்தை பேசியதில்லை, தன் பெருந்தன்மை அது என்று நினைத்திருந்தாள்.

புது வீட்டுக்கு அஃப்ரீன் ஹாலில் ஃபீச்சர் வால் வைத்தாள். தொலைக்காட்சிக்குப் பின்னால் சுவரை மறைத்து, தேக்கு மர நிறத்தில் ஒட்டுப்பலகை. பார்த்துவிட்டு வந்த இரவே மர்யம் புருஷனிடம் தனக்கும் வேண்டும் என்றாள். அஃப்ரீன் வீட்டுப் பலகையில் அடியோரமாகச் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டியிருந்தது, உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டி பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது. அது மர்யமுக்குப் பெரிய ஆறுதல். தன் வீட்டுச் சுவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வழுவழுவென்று இருக்க வேண்டும், ஓர் ஓட்டை ஒரு வெட்டு இருக்கக் கூடாது என்று ரெனோவேஷன்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பகலில் அவள் தேக்காவில் இருப்பாள், நெய்னா கடையில் இருப்பான். வேலைக்காரர்களுக்குக் கதவு திறந்துவிட்டது அஃப்ரீன்தான். சுவர் முடிந்ததும் பார்த்து, "ரொம்ப நல்லா வந்திருக்கு லாத்தா" என்றாள். அக்காவை அவர்கள் லாத்தா என்றுதான் அழைப்பார்கள். மர்யமுக்கு அன்றைக்கு இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கியது.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நிலைக்கவில்லை. எதிர்புளோக்கில் குடிவந்த வாரத்திலேயே பிராட்பேண்ட் வந்துவிட்டது. மர்யமின் புளோக்கில் யாருக்கும் வரவில்லை. ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கதவு உண்டு, கேபிள் எல்லாம் அதற்குள்தான் ஏறிவரும். அந்தக் கதவின் சாவி நகர மன்றத்திடம் இருக்கிறது என்றது இணைய நிறுவனம். கட்டியவர்களிடமிருந்து சாவி எங்கள் கைக்கு வரவில்லை என்றது நகர மன்றம். கட்டியவர்கள் தொலைபேசியையே எடுக்கவில்லை. கைப்பேசி சிக்னலோ ஹாலில் ஒரு கோடு, அடுப்படியில் இரண்டு கோடு, படுக்கையறையில் அதுவும் இல்லை. அதனால் அனம் பள்ளிப் பாடத்துக்குத் தினமும் சாயங்காலம் அஃப்ரீன் வீட்டு வைஃபையைத் தேடிப் போகத் தொடங்கினாள்.

சாரலடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. நகர மன்றத்திலிருந்து பவித்ரா என்ற இளம் அதிகாரி வந்திருந்தாள். மர்யமின் பக்கத்து வீட்டுக்காரர் ரெங்கசாமி முதலில் எழுந்தார்.

"மாசாமாசம் கன்சர்வன்சின்னு பராமரிப்புக் காசு கட்டுறோம்ல? லிஃப்ட் பார்க்குறீங்க, குப்பை அள்றீங்க, புல்லு வெட்டுறீங்க. இது மட்டும் யாரு வேலைம்மா?"

"அங்கிள், கதவு, சாவி, காரிடார் எல்லாம் எங்க வேலை. கேபிள் அவங்க வேலை. வாசல் வரைக்கும் நாங்க பார்ப்போம். வாசலுக்கு உள்ள வீட்டுக்காரங்க பொறுப்பு."

மர்யம் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். ஆனால் அன்றைக்கும் அனம் எதிர்புளோக்கில்தான் இருந்தாள். அந்த நினைப்பு அவளை எழுப்பி நிறுத்திவிட்டது.

"வாசல் வரைக்கும் வந்தாத்தானம்மா உள்ள வரும்? தண்ணிக் குழாய் இல்லாம வீடு குடுப்பீங்களா? லைட் இல்லாம குடுப்பீங்களா? இப்ப புள்ளைங்களுக்கு இதுவும் தண்ணி மாதிரிதான் லா. ஸ்கூல் வேலை எல்லாம் அதுலதான் வருது. ஆளாளுக்குக் கையைக் காட்டுனா, புள்ளைங்க என்ன அடுத்த வீட்டு வாசல்ல போயி நிக்கணுமா?"

எல்லாரும் கை தட்டினார்கள். மர்யமுக்கு இதற்கு முன் யாரும் கை தட்டியதில்லை. அன்றிலிருந்து பேட்டைப் பெண்கள் மின்தூக்கியில் அவளைப் பார்த்தால், "என்ன காக், எப்ப வருதாம்?" என்று மலாய் முறையில் அக்கா போட்டுக் கேட்டார்கள். அவளும் தெரிந்தவள் மாதிரி பதில் சொன்னாள்.

சாவி ஒருவழியாக வந்தது. மாடி மாடியாக லைன் வந்தது. ரெங்கசாமி வீட்டில் பழைய படப் பாட்டு அலறத் தொடங்கியது. மர்யம் வீட்டுக்கு வந்த டெக்னீஷியன், ஒரு மலாய்ப் பையன், ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான்.

"பாயிண்ட் தாக் அடா, காக்."

கேபிள் வந்து சேர வேண்டிய பாயிண்டே சுவரில் இல்லையாம். ஃபீச்சர் வாலைத் தட்டிப் பார்த்து, பின்னால் இருக்குமோ என்று கேட்டான். மர்யமுக்குச் சுருக்கென்றது. அந்தச் சுவரை யார் தட்டினாலும் அவளுக்குத் தன் முதுகில் தட்டுவது போலத்தான்.

"பின்னாடி ஒண்ணும் இல்ல. நான் வெறும் வீட்டை ஒரு மூலை விடாம பார்த்தவ. வைக்கவே மறந்துட்டாங்க. நீ போயி அப்படியே ரிப்போர்ட் எழுது."

அவனும் எழுதிவிட்டுப் போனான். மொத்தப் புளோக்குக்காகச் சண்டை போட்ட மர்யம் இப்போது தன் ஒரு வீட்டுக்காகச் சண்டை போட்டாள். மின்தூக்கியில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவரவருக்கு லைன் வந்துவிட்டது.

*

தேக்கா மேல்மாடியில் துணிக்கடைகளுக்கு நடுவே ஓர் ஆல்டரேஷன் கடை. இரண்டு தையல் இயந்திரம், ஓர் இஸ்திரிப் பெட்டி, கால் வைக்க முடியாத அளவுக்குத் துண்டுத் துணி. மர்யம் ஒரு மிஷினில், சரசு ஒரு மிஷினில். பஞ்சாபி சூட்டுக்குக் கை வைப்பது, பாவாடைக்கு இடுப்பைப் பிரித்து விடுவது, சேலைக்கு ஃபால் அடிப்பது. கீழே மார்க்கெட்டிலிருந்து மீன் வாடையும் இஞ்சி டீ வாடையும் கலந்து மாடிப்படி ஏறி வரும்.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு பெய்தது. ஆள் நடமாட்டமில்லை. மர்யம் ஒரு ரவிக்கைக் கையைத் திருப்பித் தைத்துவிட்டு, பிரித்து, மறுபடியும் திருப்பித் தைத்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் சரசு.

"பரீட்சை வருதுல்ல அனமுக்கு. நேத்து அஃப்ரீன் ஃபோன் பண்றா. 'லாத்தா, எக்ஸாம் முடியிற வரைக்கும் அனம் இங்கயே தங்கட்டும். ரூம் சும்மாதானே கிடக்குது'ன்னு."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? தங்குறதுன்னா தூங்குறது, எழுந்திரிக்கிறது, பசியாறுறது எல்லாம் அங்கதான். என் வீட்டுக்கு எதுக்கு வரப்போறா, துணி எடுக்கவா?"

"ஒரு வாரம்தான் லா."

"ஒரு வாரம்னுதான் வைஃபைக்கும் போனா. இப்ப வந்து நிக்குறா, தலையில என்னமோ புதுச் சடை. 'சாச்சி போட்டு விட்டாங்க.' சோத்தைப் போட்டா, 'சாச்சி வீட்டுல ஏர் ஃபிரையர்ல சிக்கன் சாப்பிட்டேன்.' நான் என்னமோ கேட்டா, 'சாச்சி அப்படிச் சொல்லலியே.' சாச்சி, சாச்சி, சாச்சி. பெத்தவ நான் இங்க ஊரான் வீட்டு ரவிக்கைக்குக் கை வச்சுக்கிட்டு இருக்கேன்."

சரசு ஊசியில் நூல் கோத்தபடி சிரித்தாள். "உனக்குப் பொறாமைடி."

"ஆமா, பொறாமைதான். இல்லேங்கலியே." மர்யமுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவகிட்ட எல்லாம் இருக்கு சரசு. எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் வைஃபையைக் காட்டிக் கூட்டிக்கிட்டுப் போறா."

"புள்ளைகிட்ட சொல்லிப் பாரேன்."

"சொன்னேன்."

சொன்னது நிஜம்தான். அந்தக் காட்சியை மட்டும் சரசுவிடம் விவரிக்க அவளுக்கு வாய் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கொடுவா மீன் வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றி ஆணம் வைத்திருந்தாள். அனமுக்குச் சின்ன வயசிலிருந்து பிடித்த ஆணம். பிள்ளை வந்தது, தட்டைப் பார்த்தது, "அம்மா, நான் சாப்பிட்டாச்சு" என்றது. மர்யம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இனிமே அங்க போக வேணாம்."

"அப்ப அசைன்மென்ட் எப்படி சப்மிட் பண்றது?"

"லைப்ரரிக்குப் போ."

"பஸ் ஏறிப் போயிட்டு வரணும். ஏன்மா? சாச்சி ஒண்ணும் செய்யலியே."

"நான் வேணாம்னா வேணாம்."

அனம் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஓர் அறை விட்டு, பிறகு கட்டிப்பிடித்து அழுது, கணக்கு முடிந்திருக்கும். அவள் தன் பையைத் தோளில் மாட்டியபடி ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அம்மா, சாச்சி வீட்டுல வைஃபை இருக்கு. நம்ம வீட்டுல என்ன இருக்கு?"

தூங்கும்போதும் தைக்கும்போதும் அந்த ஒரு வாக்கியம் மர்யமின் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

*

சனிக்கிழமை அனம் போகிறாள் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது நெய்னா. "பரீட்சைப் புள்ளை. நீயும் நானும் வேலைக்குப் போயிடுறோம். தம்பி வீடுதானே மர்யம், அன்னியமா?" என்றான். நல்ல மனுஷன், யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவன். அதனாலேயே பக்கத்தில் இருக்கிற மனசு நோவது அவனுக்குத் தெரியாது.

மர்யம் வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நகர மன்ற அலுவலகத்துக்கே போய்விட்டாள். நனைந்த குடையை மேசை ஓரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பவித்ராம்மா, என் வீட்டுல மட்டும் பாயிண்ட் வைக்கல. இதுக்கு ஒரு முடிவு சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

"அக்கா, வீட்டுக்குள்ள எங்க ஜாப் இல்ல. இருந்தாலும் நாளைக்குக் காலையில நானே வர்றேன். காரிடார் கதவைத் திறந்து பார்ப்போம். உங்க கேபிள் அதுல இல்லன்னா, நான் யார்கிட்ட வேணும்னாலும் பேசுறேன். ஓகே?"

"இருக்காது பாரு," என்றாள் மர்யம். அப்போது அவளுக்கு இருந்த நிச்சயம் சாதாரணமானதல்ல.

காலையில் பவித்ரா வந்தாள். இரும்புக் கதவைத் திறந்தாள். ரெங்கசாமி கைலியோடு வந்து எட்டிப் பார்த்தார். நெய்னா டார்ச் அடித்தான். உள்ளே வீட்டு எண் ஒட்டிய கேபிள்கள் வரிசையாக இறங்கின. மர்யம் வீட்டு எண்ணும் இருந்தது. அந்தக் கேபிள் மேலே வளைந்து, குழாய்க்குள் நுழைந்து, அவள் வீட்டுச் சுவருக்குள் போயிருந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்குள்ள போயிருச்சே," என்றாள் பவித்ரா. "உள்ள எங்கயோ போயி முடியணும்ல?"

எல்லாரும் ஹாலுக்குள் வந்தார்கள். பவித்ரா கைக்கணினியில் வீட்டுப் படத்தைத் தேடித் திறந்து, ஃபீச்சர் வாலைப் பார்த்தாள். பிறகு மர்யமைப் பார்த்தாள். "ப்ளான்ல இந்தச் சுவர்லதான் காட்டுது. ஆனா சுவர்ல எந்த இடம்னு தெரியல."

அந்தச் சுவரில் எங்கேயோ ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது மர்யமுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீட்டுத் தொலைபேசிக்கு வைத்தது, இந்தக் காலத்தில் அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். ரெனோவேஷன்காரர் அழைத்து அதைப் பற்றித்தான் ஏதோ கேட்டார். அவள் மிஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து அஃப்ரீன் வந்தாள், அனமைக் கூட்டிப்போக. அறைக்குள் அனம் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள், அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. அஃப்ரீன் வாசலில் கூடி நின்றவர்களைப் பார்த்துச் செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்பது போல் நின்றாள்.

"வா அஃப்ரீன்," என்றான் நெய்னா. அவன் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ரம்பத்தையும் டிரில்லையும் எடுத்தான். பலகையை அங்கங்கே தட்டிப் பார்த்தான். எல்லா இடமும் ஒரே மாதிரி டொக்கு டொக்கு என்றது. நடுவில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டான்.

"நடுவுலயா?" மர்யம் அலறிவிட்டாள். "டிவிக்கு நேரா? வேணாங்க!"

"பின்ன எங்க வெட்டச் சொல்றே? எங்கன்னு தெரிஞ்சாச் சொல்லு."

அவன் டிரில்லை வைத்து அழுத்தப் போனான்.

"மச்சான், அங்க இல்ல."

சொன்னது அஃப்ரீன். சொன்னவள் ஹாலைக் கடந்து வந்து, முட்டி போட்டு, இடது ஓரமாகத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் விரலை வைத்தாள். தேடவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. தன் வீட்டு விளக்குச் சுவிட்சைப் போடுகிற மாதிரி நேராகப் போய் வைத்தாள்.

"இங்க."

நெய்னா வெட்டினான். மரத்தூள் புகை மாதிரி பறந்தது. பலகை சதுரமாகக் கழன்று விழ, உள்ளே வெள்ளைப் பெட்டி அலுங்காமல் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றான் நெய்னா. "எப்படிம்மா கரெக்டா சொன்ன?"

அஃப்ரீன் விரலில் ஒட்டிய மரத்தூளைத் துடைத்தாள். பவித்ரா, "சரி அக்கா, இனிமே டெக்னீஷியன் பார்த்துக்குவாரு," என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினாள். நல்ல இடத்துப் பெண். ரெங்கசாமி போக மனமில்லாமல் போனார். நெய்னா அவர்களை வழியனுப்ப மின்தூக்கி வரைக்கும் போனான்.

மர்யம் அஃப்ரீனின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"சுவரு வச்ச அன்னைலேர்ந்து."

"தெரிஞ்சுக்கிட்டே இருந்தியா? நான் ஊரெல்லாம் போயி சண்டை போட்டேன். கூட்டத்துல நின்னு கத்துனேன். அந்த டவுன் கவுன்சில் பொண்ணு மூஞ்சியில இனிமே எப்படி முழிப்பேன்? நீ ஜன்னல்லேர்ந்து வேடிக்கை பார்த்தியா?"

"கான்ட்ராக்டர் உங்களுக்கு ஃபோன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் நின்னேன் லாத்தா." அஃப்ரீனின் குரல் தணிந்திருந்தது. "பெட்டியை மூடவான்னு கேட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. நீங்க சொன்னீங்க, 'மூடுங்க. எதிர்புளோக்குக்காரி மாதிரி ஓட்டை போட்டு அசிங்கம் பண்ணாதீங்க'ன்னு. அவருக்குத் தெரியாது அந்த எதிர்புளோக்குக்காரி நான்தான்னு. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்."

மர்யமின் பிடி தளர்ந்தது.

"ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லலாம்னுதான் இருந்தேன். கோவம்தான், ஆனா சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அனம் வந்துட்டா. சாயங்காலம் பெல் அடிச்சிட்டு நிக்குறா. 'சாச்சி, வைஃபை பாஸ்வேர்டு?'ன்னு. அப்புறம் மறுநாளும் வந்தா." அஃப்ரீன் ஜன்னலைப் பார்த்தாள். அங்கிருந்து அவள் வீட்டு மேசையும் காலி நாற்காலியும் தெரிந்தன. "அந்த வீட்டுல பகல் பூரா எவனெவனோ கஸ்டமர்கிட்ட பேசுவேன் லாத்தா. அவரு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்கிடுவாரு. உங்க வீட்டுல பெட்டி மூடியிருந்தாத்தான் என் வீட்டு பெல் அடிக்கும். அதான் வாயைத் திறக்கல. உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை."

மர்யமுக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. தன் மேலா? செம்மண் ஒட்டிய சிலிப்பர் மேலா, ரவிக்கைக் கை மேலா? இத்தனை வருஷம் தான் எதிர்புளோக்கைப் பார்த்து வெந்துகொண்டிருக்க, எதிர்புளோக் தன்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்ததா? கோபத்தைத் தேடினால் கோபம் இருந்தது, குறையாமல் இருந்தது. கூடவே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் இருந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

"பொறாமைன்னா?" என்றாள். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

அதற்குள் அனம் வந்து நின்றாள். தோளில் பை, கையில் தலையணை. "சாச்சி, போலாமா?"

அஃப்ரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "வேணாம்டா. உங்க வீட்டுக்கே வரப்போகுது. நல்லாப் படி."

அனம் தலையணையோடு அப்படியே நின்றாள். அஃப்ரீன் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, கிரில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

*

டெக்னீஷியன் வந்து மாட்டிவிட்டுப் போனான். நெய்னா வெட்டிய ஓட்டை கோணல்மாணலாக, அஃப்ரீன் வீட்டு ஓட்டையைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு முக்காலி போட்டு ரூட்டரை வைத்தார்கள். பச்சை விளக்கு சிமிட்டியது. அனம் ஹாலிலேயே உட்கார்ந்து படித்தாள், பரீட்சை எழுதினாள், மர்யம் வைத்த ஆணத்தைச் சாப்பிட்டாள், மர்யம் பின்னிய சடையோடு பள்ளிக்கூடம் போனாள். எதிர்புளோக்குக்குப் போகவில்லை. மர்யம் போகச் சொல்லவும் இல்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அஃப்ரீன் இந்தப் பக்கம் வரவில்லை.

ஜெயித்தாயிற்று. பாத்திரம் கழுவும்போது மர்யம் நிம்மதியாக நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கலாம். பார்த்தாள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்னவோ, எதிரே அந்த மேசை விளக்கு எரிந்தபடியே இருப்பது அவளை உறுத்தத் தொடங்கியது. யாருமில்லாத மேசைக்கு எதற்கு விளக்கு? ஒரு சாயங்காலம் அஃப்ரீன் வந்து, தன் நாற்காலியில் உட்காராமல் அனமின் நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரக்கம் என்று யாராவது சொன்னால் மர்யம் சண்டைக்கு வருவாள். அதெல்லாம் இல்லை. எதிர்புளோக்கில் ஒருத்தி இப்படி உட்கார்ந்திருக்க, இங்கே ஒருத்திக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு ஹாலுக்கு வந்தாள். அனம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். மர்யம் முக்காலியைத் துடைக்கிற மாதிரி குனிந்து ரூட்டர் சுவிட்சை அணைத்தாள். பச்சை விளக்கு அடங்கியது.

"என்னம்மா, லைன் போயிருச்சு?"

"தெரியல. போயிருச்சு போல. இவனுங்க லைனே இப்படித்தான்." மர்யம் துணியை உதறினாள். "உனக்கு வேலை இருந்தா சாச்சி வீட்டுக்குப் போயிப் பாரு."

அனம் ரூட்டரைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பையை எடுத்தாள், சிலிப்பரை மாட்டினாள், மின்தூக்கிக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் தடதடவென்று இறங்கினாள். கொஞ்சம் தயங்கிவிட்டுப் போகக் கூடாதா இந்தப் பிள்ளை? மர்யமுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது.

ஜன்னலுக்கு வந்து நின்றாள். எதிரே கதவு திறந்தது. அஃப்ரீன் வாசலிலேயே நின்று அனமைக் கட்டிக்கொண்டாள், விட நேரமாயிற்று. பிறகு விளக்குக்குக் கீழே இரண்டு தலைகள். அஃப்ரீனின் கை மெதுவாக அனமின் சடைக்குப் போனது, மர்யம் காலையில் இழுத்து இழுத்துப் பின்னிய சடை. அதை அவிழ்க்கிறாள். வயிறு எரிந்தது. போய் சுவிட்சைப் போட்டு, லைன் வந்துவிட்டது வா என்று கூப்பிட்டால் என்ன என்று தோன்றியது. கை கைப்பேசியை எடுத்தது. அடுப்படியில் அதே இரண்டு கோடு. அஃப்ரீனின் எண்ணை அழுத்தினாள்.

எதிரே அஃப்ரீன் சடையை விட்டுவிட்டுக் கைப்பேசியை எடுப்பது தெரிந்தது.

"லாத்தா?" என்றது பயந்த குரல்.

"சடையைப் பின்னு. பாடத்தைச் சொல்லிக் குடு," என்றாள் மர்யம். பிறகு குரலை உயர்த்தினாள். "சோறு மட்டும் போட்டுடாத. சொல்லிட்டேன். சோறு என் வீட்டுலதான். கேட்குதா?"

எதிர்ஜன்னலில் அஃப்ரீன் எழுந்து நின்றாள். நேராக இந்த ஜன்னலைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

மர்யம் கைப்பேசியை வைத்துவிட்டு அரிசி களைந்தாள். வழக்கமாகப் போடுகிற மூன்று பேருக்கான அரிசியோடு, எதிர்புளோக்குக்காரிக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஹாலில் ரூட்டர் இருட்டாகக் கிடந்தது, அவள் போய் சுவிட்சைப் போடவில்லை.